ஆல்டர் மூட்டமும் குறும்புதரும்: அலாஸ்கா மலைச்சரிவைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்தை ஒட்டிக் கிழக்கே எழும்புவது சூகாச் மலைத்தொடர். ஜூலை மாதத்தில் அதை நிமிர்ந்து பார்க்கிற பெரும்பாலானவர்களுக்கு அடிவாரத்திலிருந்து பாறை தொடங்கும் இடம் வரை ஒரே பச்சைதான் தெரியும். கொஞ்சம் பழகிய கண்ணுக்கு அதே சரிவில் நான்கைந்து பட்டைகள் தெரியும்: கீழே ஸ்ப்ரூஸ், பிர்ச் மரங்கள், அதற்கு மேல் ஆளை மறைக்கும் ஆல்டர் புதர், அதற்கும் மேல் முழங்கால், இடுப்பு உயரத்துக்கு வில்லோவும் குள்ள பிர்ச்சும், அப்புறம் கணுக்காலைத் தாண்டாத தரையொட்டிச் செடிகள்.

மரம் முடிந்த பிறகும் பாறை தொடங்கும் முன்பும் உள்ள அந்த நடுப்பகுதியைப் படிப்பது எப்படி என்று இங்கே சொல்கிறேன். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. வேலைக்காகவோ படிப்புக்காகவோ அலாஸ்காவுக்கு வந்தவர்களும், ஒரு வாரச் சுற்றுலாவில் வருபவர்களும் செய்யக்கூடியதுதான்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. செடியின் பெயரைத் தேடுவதில் இறங்காதீர்கள். உயரத்தைப் பாருங்கள். இந்த மலைகளில் ஒரு புதர் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்பது, குளிர்காலத்தில் அந்த இடத்தில் எவ்வளவு பனி தங்குகிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளைநுனியைக் காற்றும், காற்றோடு பறக்கும் பனித்துகளும் உரசிக் காயவைத்துவிடும். பனிக்கு அடியில் இருக்கும் பகுதி பத்திரமாக இருக்கும். அதனால் ஆள் உயரப் புதர் நிற்கும் இடம் பனி ஆழமாகச் சேரும் இடம். கணுக்கால் உயரச் செடி மட்டும் இருக்கும் இடம் காற்று பனியைத் துடைத்துக்கொண்டு போகும் இடம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் அதைச் சுற்றி வந்து அமரும்.

எங்கே, எப்போது போவது

முதல் தடவைக்கு நான் சொல்வது ஆங்கரேஜுக்கு மேலே இருக்கும் க்ளென் ஆல்ப்ஸ் என்ற இடம். சூகாச் மாநிலப் பூங்காவுக்குள் நுழையும் வாசல்களில் ஒன்று. கார் நிறுத்துமிடமே சுமார் 670 மீட்டர் உயரத்தில், மரங்கள் முடியும் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிறுத்தக் கட்டணம் உண்டு. அங்கிருந்து ஃப்ளாட்டாப் மலையுச்சி சுமார் 1,070 மீட்டர். அந்த 400 மீட்டர் ஏற்றத்துக்குள்ளேயே மரஎல்லை, உயரப் புதர், குறும்புதர், தரையொட்டிச் செடி, பாறை என்று எல்லாமே வந்துவிடும். இவ்வளவு குறைந்த நடையில் இவ்வளவும் கிடைக்கும் இடம் அதிகமில்லை.

பனிச்சரிவுப் பாதைகளில் (பனி இடிந்து இறங்கும் வழிகளில்) வளரும் ஆல்டரை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் ஹேட்சர் பாஸ். ஆங்கரேஜிலிருந்து வடக்கே, டால்கீட்னா மலைகளில் உள்ளது. சாலையின் மேல்பகுதி வழக்கமாக ஜூலை தொடக்கத்தில்தான் திறக்கும், செப்டம்பரில் மூடிவிடும். உள்நாட்டுப் பகுதியின் குறும்புதரைப் பார்க்க டெனாலி தேசியப் பூங்கா. அங்கே 15ஆவது மைலில் இருக்கும் சாவேஜ் ஆறு வரை கோடையில் சொந்த வண்டியில் போகலாம். ஆற்றங்கரையிலேயே வில்லோவும் குள்ள பிர்ச்சும் இருக்கின்றன.

காலம் என்றால் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. பூ, இலை, மொட்டு எல்லாம் பார்த்துச் செடியை அடையாளம் காண ஜூலை நல்லது. பட்டைகளைப் பிரித்துப் பார்க்க மட்டும் என்றால் செப்டம்பர் முதல் வாரத்துக்கு ஈடு கிடையாது. ஏன் என்று மூன்றாவது படியில் வருகிறது.

முதல் படி: பத்திரமாகப் போய்வருவது

ஆல்டர் மூட்டத்துக்குள், அதாவது அடர்ந்த ஆல்டர் புதர்க்கூட்டத்துக்குள் நுழைந்தால் ஐந்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. பழுப்புக் கரடி, கருங்கரடி, மூஸ் என்ற பெரிய மான் மூன்றுமே அதே மூட்டத்தில் படுத்திருக்கும். அதனால் சத்தம் போட்டுக்கொண்டே நடங்கள். பேசுங்கள், கை தட்டுங்கள், பாடுங்கள். காதில் இயர்போன் வேண்டாம். நெருங்கும் கரடியை விரட்ட அதன்மேல் அடிக்கும் கரடி ஸ்ப்ரேயை பைக்குள் வைக்காமல் இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ வைத்துக்கொள்ளுங்கள். எப்படி அடிப்பது என்பதைக் கிளம்பும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். கரடியைக் கண்டால் ஓடக் கூடாது. மூஸ் துரத்தினால் ஓடலாம், ஒரு மரத்துக்குப் பின்னால் போய்விடுவது நல்லது. மே கடைசியிலும் ஜூனிலும் குட்டியோடு இருக்கும் தாய் மூஸ் கரடியைவிடக் கோபக்காரியாக இருப்பாள். டெனாலியில் கரடியிடமிருந்து 300 கஜமாவது தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி.

தொடக் கூடாத செடிகள் இரண்டை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று பசு பார்ஸ்னிப். உள்ளூரில் ‘புஷ்கி’ என்பார்கள். ஆள் உயரம், அகன்ற பிளவுபட்ட இலை, குடைபோல விரிந்த வெள்ளைப் பூங்கொத்து. அதன் சாறு தோலில் பட்டு மேலே வெயிலும் பட்டால் தீக்காயம் மாதிரிக் கொப்புளம் கிளம்பும். ஆல்டர் விளிம்புகளில் இது தாராளமாக வளரும், எனவே கோடையிலும் முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை. இன்னொன்று டெவில்ஸ் கிளப். தண்டு, இலைக்காம்பு, இலை நரம்பு என்று எல்லா இடத்திலும் முள். மரஎல்லைக்குக் கீழே ஈரமான சரிவுகளில்தான் அதிகம். வழுக்கினால் கை தானாக எதையாவது பிடிக்கப் போகும். அது இதுவாக இருந்துவிடக் கூடாது. தோல் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

பருத்தித் துணி வேண்டாம். நனைந்த ஆல்டருக்குள் பத்து நிமிடம் நடந்தால் மழையில் நின்ற மாதிரி நனைந்துவிடுவீர்கள். ஜூலையிலும் மேலே காற்று அடித்தால் உடம்பு விறைக்கும் குளிர் வரும். கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, மழைச்சட்டை வெளியே. கொசுவுக்குத் தலைவலை.

இரண்டாவது படி: கொண்டு போக வேண்டியவை

தொலைநோக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், 30 மீட்டர் டேப், பென்சில், நனையாத தாள் கொண்ட நோட்டு, ஒரு கைத்தடி. கைத்தடியில் 20 சென்டிமீட்டரிலும் 1.5 மீட்டரிலும் பளிச்சென்ற வண்ண டேப் சுற்றிவிடுங்கள். கைத்தடி குட்டையாக இருந்தால் 1.5 மீட்டர் உங்கள் உடம்பில் எங்கே வருகிறது என்று வீட்டுச் சுவரில் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். பலருக்கு அது மோவாய்க்கும் நெற்றிக்கும் நடுவில் எங்கோ வரும். போன் இருந்தால் போதும், தனி ஜிபிஎஸ் கருவி தேவையில்லை. ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குக்குள் சிக்னல் போய்விடும்.

மூன்றாவது படி: தூரத்திலிருந்து பட்டை பிரிப்பது

ஏறத் தொடங்கிவிடாதீர்கள். எதிர்ச்சரிவு தெரியும் இடத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். நோட்டில் அந்தச் சரிவை ஒரு கோட்டுப்படமாக வரையுங்கள். பிறகு தொலைநோக்கியில் பார்த்து, நிறமும் மேற்பரப்பும் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு போடுங்கள்.

ஜூலையில் ஆல்டர் அடர்ந்த, பளபளப்பான பச்சை. மேற்பரப்பு புடைத்துப் புடைத்துத் தெரியும். வில்லோவில் சாம்பல் கலந்த பச்சை. புல் நிறைந்த இடம் வெளிர்பச்சை, காற்றில் அலையும். குள்ள பிர்ச் மங்கலான பச்சை, மேற்பரப்பு வழவழப்பாகத் தெரியும். முதலில் இவற்றைப் பிரிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் தொடக்கத்தில் இந்தக் கஷ்டமே இல்லை. குள்ள பிர்ச் செம்பழுப்பும் சிவப்புமாக மாறும். ப்ளூபெர்ரி ஊதா கலந்த சிவப்பு. மலைச் செடியான ஆல்பைன் பேர்பெர்ரி தரையோடு ரத்தச் சிவப்பு. வில்லோ மஞ்சள். ஆல்டர் மட்டும் பச்சையாகவே இருக்கும். கடைசியில் பச்சையாகவோ பழுப்பாகவோ உதிர்ந்துவிடும். மற்றச் செடிகள் இலை உதிரும் முன் அதிலுள்ள நைட்ரஜனைத் தண்டுக்கு இழுத்துச் சேமித்துக்கொள்கின்றன, அப்போது பச்சையம் சிதைந்து நிறம் மாறுகிறது. ஆல்டருக்கு நைட்ரஜன் பஞ்சமே கிடையாது. வேரிலேயே உற்பத்தி நடக்கிறது, எனவே இலையிலிருந்து மீட்கும் அவசரம் அதற்கு இல்லை. சிவப்பும் மஞ்சளுமான ஒரு சரிவில் பச்சை நாக்குகள் ஓடைவழியாக இறங்கி வருவதைப் பார்த்தால், அங்கே மண்ணுக்கு உரம் போட்டுக்கொண்டிருப்பது யார் என்று கிலோமீட்டர் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

கோட்டுப்படத்தில் இன்னொன்றையும் குறியுங்கள்: நிலத்தின் வடிவம். புடைத்த முகடு, குழிந்த ஓடை, படிக்கட்டு மாதிரியான மேடை, கற்குவியல். பிறகு தேவைப்படும்.

நான்காவது படி: உயரம், மூடல்

அலாஸ்காவில் செடிக்கூட்டங்களை வகைப்படுத்தப் பெரும்பாலும் பயன்படுவது, லெஸ்லி வியரெக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் அமெரிக்க வனத்துறைக்காக 1992இல் வெளியிட்ட முறை. அதன் பெரிய பலம், செடியின் பெயர் தெரியாமலேயே பாதித் தூரம் போய்விடலாம் என்பது.

மரங்களின் நிழல்பரப்பு நிலத்தில் 10 சதவீதத்துக்கும் குறைவாக, புதர்களின் பரப்பு 25 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது புதர்நிலம். அதற்குள் உயரத்தை வைத்து மூன்று பிரிவு. 1.5 மீட்டருக்கு மேல் என்றால் உயரப் புதர். 20 சென்டிமீட்டரிலிருந்து 1.5 மீட்டர் வரை குறும்புதர். 20 சென்டிமீட்டருக்குக் கீழே குள்ளப்புதர். அடுத்து மூடல்: புதர் நிலத்தில் 75 சதவீதமோ அதற்கு மேலோ மறைத்தால் ‘மூடிய’, 25 முதல் 74 வரை ‘திறந்த’. கைத்தடியில் சுற்றிய இரண்டு டேப்புகளுக்கும் இதுதான் காரணம்.

மூடலைக் கண்மதிப்பில் சொல்லும்போது புதியவர்கள் எல்லோருமே கூடுதலாகச் சொல்வார்கள், ஏனென்றால் புதரைப் பக்கவாட்டில் பார்க்கும்போது இடைவெளி மறைந்துவிடும். அளப்பதே நல்லது. 30 மீட்டர் டேப்பைச் சரிவின் குறுக்கே, ஒரே உயரத்தில் விரியுங்கள். டேப்புக்கு நேர் மேலே புதரின் கிளைப்பரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதிக்கொண்டே போங்கள். எல்லாத் துண்டுகளையும் கூட்டி 30ஆல் வகுங்கள். உதாரணத்துக்கு ஆல்டர் மொத்தம் 24.6 மீட்டரை மறைக்கிறது என்றால் 82 சதவீதம். அது ‘மூடிய உயர ஆல்டர் புதர்’. இவ்வளவுதான், முறையான பெயர் வந்துவிட்டது.

டேப் விரிக்க முடியாத இடத்தில் நூறு தப்படி நடங்கள். ஒவ்வொரு தப்படியிலும் பூட்ஸ் நுனிக்கு நேர் மேலேயோ கீழேயோ புதர் இருந்தால் ஒரு கோடு போடுங்கள். நூறில் எத்தனை கோடு, அத்தனை சதவீதம். குறும்புதரில் இது டேப்பைவிடச் சுலபம்.

ஐந்தாவது படி: ஆல்டரை ஆல்டர் என்று உறுதி செய்வது

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பாருங்கள். இந்தச் சரிவுகளில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும் செடி இதுதான் என்பது என் எண்ணம். நடப்பவர்கள் இதைத் திட்டுவது வழக்கம், ஆனால் இது இல்லாவிட்டால் பல சரிவுகளில் மண்ணே இருக்காது.

முதல் அடையாளம் கூம்பு. 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளத்தில், மரம் மாதிரி இறுகிய, கருநிறக் கூம்புகள் கொத்துக் கொத்தாக இருக்கும். விதை உதிர்ந்த பிறகும் அவை கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், எனவே ஆண்டில் எந்த மாதத்திலும் பழைய கூம்பு கிடைக்கும். பிர்ச்சின் கதிர் பழுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். வில்லோவின் கதிர் மென்மையானது, பஞ்சோடு பறந்துவிடும். கூம்பு இருந்தால் ஆல்டர், அவ்வளவுதான். பட்டை சாம்பல் நிறம், குறுக்கே சின்னச் சின்னத் தழும்புக் கோடுகள்.

அலாஸ்கா மலைச்சரிவுகளில் நீங்கள் சந்திக்கப்போவது மூன்று வகை. கடலோர மலைகளில், சூகாச்சிலும்கூட, சிட்கா ஆல்டர். உள்நாட்டிலும் வடக்கிலும் சைபீரிய ஆல்டர். இவை இரண்டும் ஒரே இனத்தின் துணையினங்கள், இடையில் கலந்தும் இருக்கும், எனவே இவற்றைப் பிரிப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். மூன்றாவது மெல்லிலை ஆல்டர். ஆற்றங்கரை, ஓடைக்கரை ஆசாமி, சரிவில் அதிகம் ஏறாது. இதைப் பிரித்தறிவது முக்கியம், ஏனென்றால் இது சொல்லும் செய்தி வேறு: ‘இங்கே ஓடும் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது’.

பிரிக்கும் வழி மொட்டில் இருக்கிறது. லென்ஸை எடுங்கள். சிட்கா, சைபீரிய ஆல்டரின் மொட்டு கூர்மையானது, காம்பில்லாமல் கிளையில் நேராக உட்கார்ந்திருக்கும், பல செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மெல்லிலை ஆல்டரின் மொட்டுக்குச் சின்னக் காம்பு உண்டு, நுனி மழுங்கல். கூம்பையும் பாருங்கள்: சிட்காவின் கூம்புக்கு மெல்லிய நீளக் காம்பு, மெல்லிலைக்குக் காம்பு குட்டை, கூம்புகள் நெருக்கமாக இருக்கும். இலையிலும் வித்தியாசம் உண்டு. சிட்காவின் இலை மேலே பளபளக்கும், ஓரப் பற்கள் மெல்லிசாகவும் கூராகவும் இருக்கும், இளம் இலையின் அடியில் பிசுபிசுப்பு இருக்கும். மெல்லிலை ஆல்டரின் இலை மங்கலானது, ஓரம் அலையலையாக மடிந்து அதன்மேல் பல் வைத்திருக்கும்.

அடுத்து வேர். தோண்ட வேண்டாம். ஓடை அரித்த கரையிலோ பாதை வெட்டிய இடத்திலோ ஆல்டர் வேர் வெளியே தெரியும். அதில் இஞ்சிக் கிழங்குபோலக் கிளைவிட்ட, செம்பழுப்பு நிறச் சின்ன முடிச்சுகள் ஒட்டியிருக்கும். அதற்குள் வாழும் ஃப்ராங்கியா என்ற பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. பதிலுக்கு ஆல்டர் அதற்குச் சர்க்கரை தருகிறது. பயறு, உளுந்து வேரில் நடப்பதும் இதே மாதிரி வேலைதான், பாக்டீரியா வேறு. பச்சையாக உதிரும் ஆல்டர் இலை மக்கும்போது அந்த நைட்ரஜன் மண்ணுக்குப் போகிறது.

தென்கிழக்கு அலாஸ்காவின் க்ளேசியர் பே இதற்குப் பெயர் பெற்ற இடம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரும் பனியாறு ஒன்று அந்த வளைகுடாவை நிரப்பியிருந்தது. பிறகு அது வேகமாகப் பின்வாங்கி வெறும் கல்லையும் மண்ணையும் விட்டுச் சென்றது. வில்லியம் ஸ்கின்னர் கூப்பர் என்ற தாவரவியலாளர் 1916இல் அங்கே போய்ச் சிறு சதுரங்களைக் குறித்து, எந்தச் செடி எப்போது வருகிறது என்று பதிவு செய்யத் தொடங்கினார். அவரும் மற்றவர்களும் வற்புறுத்தியதால் 1925இல் அந்த இடம் தேசிய நினைவிடமாகப் பாதுகாக்கப்பட்டது. முதலில் பாசி, டிரையஸ் போன்ற தரைச்செடிகள், பிறகு வில்லோ, ஆல்டர், கடைசியில் ஸ்ப்ரூஸ் காடு என்ற வரிசை பாடநூல்களுக்குப் போனது. ஆல்டர் வந்த சில பத்தாண்டுகளில் காரத்தன்மையுள்ள மண் அமிலத்தன்மைக்கு மாறியதையும், நைட்ரஜன் சேர்ந்ததையும் பின்னால் வந்தவர்கள் அளந்தார்கள். 2016இல் ப்ரையன் பூமாவும் குழுவினரும் கூப்பரின் பழைய சதுரங்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தபோது, நூறு ஆண்டுகளில் எல்லாச் சதுரங்களும் அந்த வரிசைப்படி போகவில்லை என்று தெரிந்தது. தொடக்கத்தில் யார் வந்து இடம் பிடித்தார்களோ அவர்களின் பிடி நீண்ட காலம் நீடித்திருந்தது. எனவே ஒரு ஆல்டர் மூட்டத்தைப் பார்த்ததும் ‘அடுத்து இங்கே காடு வரும்’ என்று நோட்டில் எழுதிவிடாதீர்கள். உள்ளே குனிந்து ஸ்ப்ரூஸ் கன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் எழுதுங்கள்.

ஆல்டருக்கு அடியில் வேறென்ன இருக்கிறது என்பதையும் குறியுங்கள். சூகாச்சில் பெரும்பாலும் ப்ளூஜாயிண்ட் புல், பெண்பெரணி, புஷ்கி, ஃபயர்வீட். நிழல் கூடக்கூடப் பெரணி மிஞ்சும். அகன்ற, நரம்பு மடிப்பு மடிப்பாகத் தெரியும் இலைகளோடு நிமிர்ந்து நிற்கும் பச்சைச் செடி ஒன்று ஈரமான இடங்களில் இருக்கும். அது ஃபால்ஸ் ஹெல்லபோர், கடும் விஷம். பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது.

ஆறாவது படி: குறும்புதருக்குள்

ஆல்டரைத் தாண்டியதும் மூச்சு விடலாம். இங்கே இரண்டு பெரிய பெயர்கள்: குள்ள பிர்ச், வில்லோ.

குள்ள பிர்ச்சின் இலை வட்டம், 1 முதல் 2 சென்டிமீட்டர், ஓரத்தில் மழுங்கிய பற்கள். கிளையைத் தடவினால் பிசின் மருக்கள் சொரசொரப்பாகத் தட்டுப்படும். இரண்டு இனங்கள் கலந்து கலப்பினமாகவும் இருப்பதால், முதல் ஆண்டில் ‘குள்ள பிர்ச்’ என்று எழுதினால் போதும்.

வில்லோ பெரிய குடும்பம். அலாஸ்காவில் பல பத்து இனங்கள் இருக்கின்றன, நிபுணர்களே திணறுவார்கள். மொட்டைப் பாருங்கள்: மொத்த மொட்டையும் ஒரே ஒரு செதில் உறைபோல மூடியிருந்தால் அது வில்லோ. அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் பெயரோடு தெரிந்துகொள்ளுங்கள்: வைர இலை வில்லோ. சென்ற ஆண்டின் காய்ந்த இலை உதிராமல் கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும். மரஎல்லைக்கு மேல் குறும்புதர்களில் அடிக்கடி வருவது இதுதான். மூஸும் வில்லோ டார்மிகன் பறவையும் விரும்பித் தின்பவற்றில் ஒன்று. கிளைநுனி கடிபட்டுத் துடைப்பம் மாதிரி மழுங்கியிருந்தால், இங்கே உயரத்தைக் குறைத்தது பனியா மூஸா என்று யோசியுங்கள்.

இவற்றுக்கு அடியில் தரையோடு இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீலம் கலந்த பச்சையில், பல் இல்லாத சின்ன இலை என்றால் ப்ளூபெர்ரி. ஊசி ஊசியாகப் பச்சை இலை, கறுப்புப் பழம் என்றால் க்ரோபெர்ரி. தோல் மாதிரி தடித்த பளபள இலை, அடியில் கரும்புள்ளிகள் என்றால் லிங்கன்பெர்ரி. இலையோரம் உள்ளே சுருண்டு, அடியில் துரு நிறக் கம்பளி ஒட்டியிருந்தால் லாப்ரடார் டீ. கசக்கினால் வாசனை தூக்கும். காற்றடிக்கும் முகட்டில், இலையடி வெள்ளையாக, ஓரம் வளைவு வளைவாக இருக்கும் பாய் போன்ற செடி டிரையஸ்.

காதையும் பயன்படுத்துங்கள். ஜூனில் மேலிருந்து கீழிறங்கும் மூன்று நீண்ட விசில் ஒலி கேட்டால் அது தங்கமுடிச் சிட்டு. மரஎல்லைக்கு மேலுள்ள புதர்களில் கூடுகட்டும் பறவை. மூட்டத்துக்குள் நுழையாமலேயே புதர்நிலத்தின் விளிம்புக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்துவிடும்.

ஏழாவது படி: ஏன் இங்கே, ஏன் இவ்வளவு உயரம்

இப்போது முதலில் வரைந்த கோட்டுப்படத்தை எடுங்கள். நிலவடிவத்தையும் புதர்ப்பட்டையையும் பொருத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஆல்டர் குழிவான ஓடைகளில் மேலே ஏறியிருக்கும், முகடுகளில் பின்வாங்கியிருக்கும். குழியில் பனி ஆழம், கோடையிலும் ஈரம். முகட்டில் இரண்டும் இல்லை.

செங்குத்தான ஓடை ஒன்றில் இருபுறமும் மரம், நடுவில் மட்டும் ஆல்டர் என்று நேர்க்கோடாக இறங்கினால் அது பனிச்சரிவுப் பாதை. பனி இடிந்து வரும்போது மரம் முறியும். ஆல்டர் தண்டு வளைந்து படுத்துக்கொள்ளும், பனி உருகியதும் நிமிரும். முறிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். தண்டின் அடிப்பகுதியைப் பாருங்கள், கீழ்ச்சரிவை நோக்கிப் படுத்து, பிறகு மேலே வளைந்திருக்கும். அதனால்தான் ஆல்டருக்குள் இறங்குவது சுலபம், ஏறுவது நரகம்: எல்லாத் தண்டும் உங்களை எதிர்த்து நீட்டிக்கொண்டிருக்கும். ஏற வேண்டுமென்றால் முகட்டு வழியைத் தேடுங்கள். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, பனிநடை செய்பவர்கள் கோடையிலேயே இந்தப் பாதைகளைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். புதர் பனிக்கு அடியில் மறைந்த பிறகு அந்த எச்சரிக்கை கண்ணுக்குத் தெரியாது.

உள்நாட்டில், ஃபேர்பேங்க்ஸ், டெனாலிப் பக்கம் போனால் இன்னொரு காரணம் சேரும்: சரிவு பார்க்கும் திசை. வெயில் சாய்வாக மட்டுமே விழும் வடக்குச் சரிவில் மண் அடியில் நிரந்தரமாக உறைந்திருக்கும். தண்ணீர் கீழே இறங்காது, மேலே பாசி தடிக்கும். அங்கே குள்ள பிர்ச், லாப்ரடார் டீ, குட்டைக் கறுப்பு ஸ்ப்ரூஸ். அதே மலையின் தெற்குச் சரிவு வறண்டு, சூடாகி, ஆஸ்பெனும் பிர்ச் மரமும் வளர்க்கும். ஒரே மலையின் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் பாருங்கள்.

எட்டாவது படி: குறிப்பும் படமும்

நோட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் இவை போதும்: நாள், ஜிபிஎஸ் எண், உயரம், சரிவு பார்க்கும் திசை, நிலவடிவம், புதர் உயரம், மூடல் சதவீதம், மிகுதியாக உள்ள மூன்று செடி, மண் ஈரமா வறண்டதா, மிருகம் கடித்த தடம். ஒரு மாதிரி: ‘720 மீட்டர், மேற்குச் சரிவு, குழிந்த ஓடை, சிட்கா ஆல்டர் 2.4 மீட்டர், 82 சதவீதம், அடியில் பெண்பெரணி, ப்ளூஜாயிண்ட், ஸ்ப்ரூஸ் கன்று இல்லை.’

படம் எடுக்கும்போது மறுபடியும் வந்து நிற்கக்கூடிய இடத்திலிருந்து எடுங்கள். பெரிய பாறை, பாதைத் திருப்பம், தகவல் பலகை ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். இதன் மதிப்பு என்னவென்று தெரிய வேண்டுமானால் ப்ரூக்ஸ் மலைத்தொடரின் கதை போதும். 1940களின் கடைசியில் எண்ணெய் தேடுவதற்காக வடக்கு அலாஸ்காவில் விமானத்திலிருந்து படங்கள் எடுக்கப்பட்டன. மேத்யூ ஸ்டர்ம், சார்ல்ஸ் ரசீன், கென் டேப் மூவரும் ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே இடங்களை அதே கோணத்தில் மறுபடியும் எடுத்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். ஆல்டர், வில்லோ, குள்ள பிர்ச் மூன்றுமே பரந்தும் அடர்ந்தும் இருந்தன. முன்பு வெறுமையாக இருந்த ஓடைச்சரிவுகளில் ஆல்டர் புள்ளிகள் தோன்றியிருந்தன. வடக்கு வெப்பமாகிறது என்பதற்கு அது கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி. புதர் உயர்ந்தால் பனிக்கு மேலே மூஸுக்குத் தீனி கிடைக்கும். மூஸ் இன்னும் வடக்கே பரவியதற்கு இதையே காரணமாக டேப் பின்னால் காட்டினார். எண்ணெய்க்காக எடுத்த படத்தைப் புதருக்காகப் பார்க்கப் போகிறார்கள் என்று அந்த விமானத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. உங்கள் படத்தை யார், எதற்காகப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனவே நாளும் இடமும் திசையும் தவறாமல் எழுதுங்கள்.

பெயர் உறுதியாகத் தெரியாத செடியை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடலாம். ஒரே படம் போடாதீர்கள். முழுப் புதர், இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், மொட்டு, கூம்பு அல்லது கதிர் என்று ஐந்து படம் போட்டால்தான் தெரிந்தவர்கள் உதவ முடியும். வில்லோவுக்கு அதுவும் போதாமல் போகலாம்.

செடியைப் பறித்து எடுத்துவராதீர்கள். தேசியப் பூங்காக்களில் அனுமதியில்லாமல் மாதிரி சேகரிப்பது சட்டப்படி தவறு. ப்ளூபெர்ரி போன்ற பழங்களைச் சொந்தத் தேவைக்குப் பறிக்கப் பொதுவாக அனுமதி உண்டு, ஆகஸ்டில் அதற்கென்றே குடும்பத்தோடு கிளம்பி வருவார்கள். அளவும் இடமும் பூங்காவுக்குப் பூங்கா மாறும். வாசலில் இருக்கும் ரேஞ்சரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். கேட்கும்போதே இந்த வாரம் எந்தப் பாதையில் கரடி நடமாட்டம் இருக்கிறது என்பதையும் விசாரித்துவிடுங்கள்.